மானுக்கு எத்தனை எச்.பி.

பிரான்சில் இருக்கும் என் தங்கச்சி வீட்டுக்காரர் மான் வேட்டைக்குத் துப்பாக்கி வாங்கப் போவதாகச் சொல்லி, எந்தக் காலிபர் வாங்கலாம் என்று என்னைக் கேட்டார். நான் கரிக்கலாம்பாக்கத்தில் மோட்டார் பம்புசெட் கடை வைத்திருப்பவன். அதுவரை துப்பாக்கியைக் கையால் தொட்டதில்லை. மானை வண்டலூரில் கம்பிக்கு அந்தப் பக்கம் பார்த்ததோடு சரி, அதுவும் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு படுத்திருந்தது. ஆனாலும் அவர் கேட்டதில் எனக்குத் துளியும் வியப்பு ஏற்படவில்லை. இத்தனை நாள் எதற்கும் கேட்காமல் இருந்தாரே என்றுதான் தோன்றியது.

எங்கள் குடும்பத்தில் எது வாங்குவதென்றாலும் என்னைக் கேட்பார்கள். இல்லை, கேட்காவிட்டாலும் நான் சொல்லிவிடுவேன். ஒரு பொருளின் எல்லா வகைகளையும் தெரிந்துகொள்ளாமல் அதை வாங்குவது எனக்குப் பாவம் மாதிரி. எங்கள் வீட்டு மிக்சியைத் தேர்ந்தெடுக்க ஏறக்குறைய ஒரு வருடம் எடுத்துக்கொண்டேன். அந்த வருடம் முழுக்க என் மனைவி பக்கத்து வீட்டு மிக்சியில் அரைத்துக்கொண்டு வந்தாள். கடைசியில் நான் ஆராய்ந்து வாங்கியது பக்கத்து வீட்டில் இருந்த அதே மிக்சி.

மாப்பிள்ளையைப் பற்றிச் சொல்ல வேண்டும். வில்லியனூர்ப் பக்கத்து ஊர்க்காரர். அவர் அப்பா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்ற சொல்தா, அதாவது சிப்பாய். அதனால் பிள்ளைகளுக்கும் பிரெஞ்சுக் குடியுரிமை இருந்தது. மாப்பிள்ளை சின்ன வயதிலேயே அங்கே போய், கிழக்குப் பக்கம் காடுகள் சூழ்ந்த ஒரு டவுனில் பஸ் ஓட்டினார். என் தங்கச்சியைக் கட்டிக்கொண்டு போன பிறகும் அதே வேலைதான். இரண்டு வருடங்களுக்கு முன் வலது தோள்பட்டையில் ஆபரேஷன் ஆனது. அதற்குப் பிறகு பஸ் ஓட்ட விடவில்லை. வீட்டிலேயே உட்கார்ந்திருந்தார். தங்கச்சி அங்கே ஒரு முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கிறாள். அவள் காலையில் போய்ச் சாயங்காலம் வரும்வரை டி.வி.யை அணைத்துவிட்டு அதன் எதிரிலேயே உட்கார்ந்திருப்பாராம். அப்போதுதான் பக்கத்து வீட்டு வெள்ளைக்காரக் கிழவர் ஒருவர் அவரைக் காட்டுக்கு அழைத்துக்கொண்டு போயிருக்கிறார். போகப் போகப் பிடித்துவிட்டது. படித்து, பரீட்சை எழுதி, வேட்டை லைசென்சும் வாங்கிவிட்டார்.

இதையெல்லாம் அவர் தவக்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் சொன்னார். அங்கே நாய்களை விட்டு, கூட்டமாகச் சேர்ந்து விரட்டும் வேட்டையும் உண்டாம். இவர் செய்ய நினைத்தது வேறு. ஒற்றை ஆளாகக் காற்றுக்கு எதிராகப் பதுங்கிப் பதுங்கி நடந்து, மான் இருக்கும் இடத்துக்குக் கிட்டப்போய்ச் சுடுவது.

"செப்டம்பர்ல சீசன் சூடு புடிக்கும், மச்சான். அதுக்குள்ள ரைபிள் எடுக்கணும். கடைக்காரன் அவங்கிட்ட இருக்கறத தள்ளிவுடப் பாப்பான். உங்க தங்கச்சிதான் சொன்னா, எங்க அண்ணன கேளுங்க, அவரு அலசி ஆராஞ்சி சொல்வாருன்னு."

தங்கச்சி சொன்னாள் என்றதும் எனக்கு நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்தது. பின்னால் நின்றிருந்த என் மனைவிக்கு வேறு கவலை.

"தவக்காலத்துல மான் கறிப் பேச்சா? இன்னாங்க இது, நம்ம ஊர்ல மானத் தொட்டாலே ஜெயிலு."

"அங்க லைசென்ஸ் இருக்குடி."

"இருந்தா அவரு சுடட்டும். உங்களுக்கு எதுக்கு?"

அன்று சாயங்காலமே செல்போனில் தேட ஆரம்பித்துவிட்டேன்.

காலிபர் என்பது குழாயின் உள் அகலம் என்று படித்ததும் பாதிக் கிணறு தாண்டியதாக நினைத்தேன். குழாய் அகலம் எனக்குத் தெரியாததா? ஒன்றேகால் இன்ச், ஒன்றரை இன்ச், இரண்டு இன்ச் என்று காலையிலிருந்து இரவுவரை அதைத்தானே பேசிக்கொண்டிருக்கிறேன். ஆனால் உள்ளே போகப் போக விஷயம் கலங்கியது. ஒரே அகலத்தில் இரண்டு தோட்டா இருக்கும். ஒன்றுக்குப் பின்னால் மருந்து அதிகம், மற்றதற்குக் குறைவு. .308 என்றும் .30-06 என்றும் இரண்டு பெயர், குண்டு ஒரே பருமன். அமெரிக்காக்காரர் இன்ச்சில் சொல்வார், ஐரோப்பாக்காரர் மில்லிமீட்டரில் சொல்வார். .243 போதும் என்று ஒருவர் எழுதினால், அதைச் சொல்பவன் மானையே பார்த்திருக்கமாட்டான் என்று கீழே இன்னொருவர் திட்டியிருப்பார். அந்தச் சண்டைகளை நான் ராத்திரிச் சாப்பாட்டுத் தட்டில் கை காயும்வரை படித்தேன். சில இடங்களில், மானையே பார்த்திராத நானும், திட்டியவர் பக்கம் நின்று தலையாட்டினேன்.

எனக்குப் புரிந்த ஒரே கணக்கு எச்.பி. கணக்கு. ஆகவே எல்லாத் தோட்டாக்களையும் மனத்துக்குள் மோட்டாராக மாற்றிக்கொண்டேன். .243 என்பது ஒரு எச்.பி., வீட்டுத் தொட்டிக்கு ஏற்றலாம். .308 மூன்று எச்.பி. .30-06 ஐந்து எச்.பி., கழனிக்கே பாய்ச்சலாம். ‘உதை’ என்று ஒரு விஷயத்தைப் பற்றி எல்லோரும் நிறைய எழுதியிருந்தார்கள். சுட்டதும் துப்பாக்கி பின்னால் வந்து தோளில் இடிக்குமாம். அதைப் பற்றி நான் பெரிதாகக் கவலைப்படவில்லை. மோட்டாரும்தான் ஸ்டார்ட் ஆகும்போது உதறுகிறது. அடியில் இருக்கும் போல்ட்டை இறுக்கினால் தீர்ந்தது.

கடைக்கு வருகிறவர்களிடமும் இதைப் பேச ஆரம்பித்தேன். டீக்கடையிலும் பேசினேன். மானுக்கு எந்தத் துப்பாக்கி சரி என்று நான் உரக்க விசாரித்துக்கொண்டிருந்தது ஊரில் எப்படிக் கேட்டிருக்கும் என்று இப்போது நினைத்தால் கூசுகிறது. ஒருநாள் மத்தியானம் கடை வாசலில் போலீஸ் பைக் வந்து நின்றது. சிவப்புத் தொப்பியோடு கான்ஸ்டபிள் இறங்கினார். அவர் வாயைத் திறப்பதற்குள் நான் எழுந்துவிட்டேன்.

"சார், அது இங்க இல்ல சார். பிரான்சுல சார். எங்க மாப்ள லைசென்ஸ் வெச்சிருக்காரு. நான் சும்மா காலிபரு மட்டுந்தான் சார் பாத்துக் குடுக்கறேன்."

அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு பழைய கண்டென்சரை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"ஃபேனு சுத்தல. இது போயிருக்குமான்னு கேக்க வந்தேன். நீ இன்னாபா சொல்ற?"

வேறு வழியில்லாமல் எல்லாவற்றையும் சொன்னேன். சந்தேகப்படுவார் என்று பார்த்தால், முன்னால் கிடந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். .243, .308, .30-06 என்று நான் அடுக்கியதைக் கேட்டுவிட்டுக் கண்ணை மூடி யோசித்தார்.

"கடேசியா சொன்னியே, இன்னா அது?"

"முப்பது-நாட்-சிக்ஸ், சார்."

"அத எடுக்கச் சொல்லு. பேரே கம்பீரமா கீது."

பல நாடுகளின் வேட்டைக்காரர்கள் எழுதியதையெல்லாம் படித்துத் தள்ளிய என் மனத்தில், ஃபேனுக்குக் கண்டென்சர் வாங்க வந்தவர் சொன்ன அந்த ஒரு வார்த்தைதான் ஒட்டிக்கொண்டது. நானும் உள்ளுக்குள் அதைத்தான் விரும்பியிருக்கிறேன் போலிருக்கிறது. இணையத்தில் மான் என்று தேடியபோது வந்த படங்களில், தலையில் ஒரு முருங்கை மரத்தையே தூக்கிக்கொண்டு நிற்கிற மாதிரி, காளை மாட்டு உயரத்துக்கு ஒன்று நின்றது. அதைப் பார்த்த பிறகு ஒரு எச்.பி.யை யாருக்காவது சொல்ல மனம் வருமா?

இருந்தாலும் ஒரு தடவையாவது சுட்டுப் பார்க்காமல் சொல்லக்கூடாது என்று என் மனசாட்சி உறுத்தியது. ஈஸ்டர் முடிந்து வில்லியனூர் மாதா கோயில் திருவிழா வந்தது. வாசலுக்குக் கொஞ்சம் தள்ளி, பொரிகடலைக் கடைகளுக்கு நடுவில், பலகையில் பலூன் கட்டிச் சுடுகிற கடை போட்டிருந்தார்கள். மனைவி மாதாவுக்கு மெழுகுவத்தி ஏற்றப் போன நேரத்தில் நான் அங்கே போய்ச் சேர்ந்தேன். நாற்பது வயது தாண்டிய ஒரு பெண் கடையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். துப்பாக்கியை வாங்கிச் செல்போனில் பார்த்து வைத்திருந்தபடியே கால்களை அகட்டி நின்று, கட்டையைத் தோளில் பதித்து, மூச்சைப் பாதி விட்டு நிறுத்திச் சுட்டேன். பலகையில் பலூன்கள் அப்படியே ஆடிக்கொண்டிருந்தன. மறுபடி சுட்டேன். அதே கதைதான்.

"அண்ணே, சுடும்போது ரெண்டு கண்ணையும் மூடிக்கிறியே" என்றாள் அந்தப் பெண். "ஒண்ணாவது தொறந்து வெச்சிக்கோ."

எனக்குப் பின்னால் யாரோ சிரித்தார்கள். திரும்பிப் பார்த்தால் என் கடைக்கு வாடிக்கையாக வரும் பிளம்பர், பெண்டாட்டியோடு பஜ்ஜி தின்றுகொண்டு நின்றார். "இன்னா மோட்டாரு, மிலிட்டரில சேரப்போறியா?" என்றார். அப்போது ஒரு பலூன் பட்டென்று வெடித்தது. நான் சுட்டதுதான் என்று சொல்லித் துப்பாக்கியைத் திருப்பிக் கொடுத்தேன். மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வந்து நின்றிருந்த என் மனைவி, "அது வெயில்ல வெடிச்சிது" என்றாள்.

எல்லோர் எதிரிலும் இப்படி மானம் போனாலும் அந்த ஆராய்ச்சியிலிருந்து நான் ஒரு முடிவுக்கு வந்தேன். அந்தத் துப்பாக்கி என் தோளில் ஓர் எறும்பு கடித்த அளவுக்குக்கூட இடிக்கவில்லை. ஆக, உதை உதை என்று எல்லோரும் எழுதியது வெறும் மிகைப்படுத்தல். காற்றில் இயங்கும் திருவிழாத் துப்பாக்கியும் காட்டு விலங்கைச் சாய்க்கும் ரைபிளும் ஒன்றல்ல என்று எனக்கு உறைக்கவில்லை. எப்படி உறைக்காமல் போனது என்று இன்றுவரை என்னால் சொல்ல முடியவில்லை.

அன்று சாயங்காலமே மாப்பிள்ளையைக் கூப்பிட்டேன். "மாப்ள, முப்பது-நாட்-சிக்ஸ். கண்ண மூடிகினு எடுங்க" என்றேன். அவருக்கு ஒரே சந்தோஷம். அவருக்குப் பக்கத்தில் இருந்த தங்கச்சியின் முகம் மட்டும் ஏனோ சுண்டிப்போனது. "இத்தினி சீக்கிரமாவா பாத்துட்ட?" என்று கேட்டாள். என் திறமையைப் பார்த்து மலைத்துவிட்டாள் என்று எடுத்துக்கொண்டேன்.

துப்பாக்கிக் கடைக்காரர், மாப்பிள்ளையை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "நிச்சயமாகவா, முசியே?" என்று இரண்டு தடவை கேட்டாராம். இந்தியாவில் என் மச்சான் பார்த்துச் சொன்னது என்று மாப்பிள்ளை பெருமையாகச் சொல்லி வாங்கி வந்திருக்கிறார்.

ஆடி மாதத்தில் ஒரு நாள், கடையில் ஆள் இருக்கும்போது தங்கச்சி கூப்பிட்டாள். வழக்கமாக அவள் அந்த நேரத்தில் கூப்பிடமாட்டாள். எடுத்த எடுப்பில் கத்தினாள்.

"அண்ணே, நீ மனுசனா? காலிபரு பாத்தியே, தோளு பாத்தியா?"

மாப்பிள்ளை சுட்டுப் பழகும் மைதானத்துக்குப் போயிருக்கிறார். முதல் குண்டு சுட்டதும் கண்ணில் தண்ணீர் வந்திருக்கிறது. யாரும் பார்த்துவிடக்கூடாது என்று இரண்டாவதும் சுட்டிருக்கிறார். அதற்குப் பிறகு கையைத் தூக்க முடியவில்லை. ஆபரேஷன் செய்த அதே வலது தோள். ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்து, உள்ளே எதுவும் பிரியவில்லை, ரத்தம் கன்றியிருக்கிறது, ஓய்வில் இருக்கவேண்டும் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். தங்கச்சி போனைத் திருப்பிக் காட்டினாள். மாப்பிள்ளை பனியனோடு உட்கார்ந்திருந்தார். தோளிலிருந்து மார்புவரை கத்தரிக்காய் நிறத்தில் கன்றியிருந்தது. என்னைப் பார்த்ததும் இடது கையைத் தூக்கி, "நல்லா இருக்கீங்களா, மச்சான்?" என்று கேட்டார்.

ஏதாவது சொல்லியாக வேண்டும் என்று, "இடது தோள்ல வெச்சி சுடலாமே, மாப்ள" என்றேன்.

"நீ பேசாம இரு" என்றாள் தங்கச்சி. போனை எடுத்துக்கொண்டு வேறு அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினாள். அவள் குரல் தாழ்ந்தது. "உன்ன கேக்கச் சொன்னதே நான்தான், தெரியுமா? நான் வேலைக்குப் போய்ட்டா இந்த ஆளு தனியா காட்டுல சுத்துவாரு. உள்ள போனா போனு எடுக்காது. எங்கியாவது வுழுந்து கெடந்தா யாருக்குத் தெரியும்? வேணாம்னு சொன்னா கேக்கல. மிக்சி வாங்கவே வருசம் எடுத்தவன் நீ. உங்கிட்ட வுட்டா சீசனே முடிஞ்சிரும், அதுக்குள்ள மறந்துருவாருன்னு கணக்குப் போட்டேன். நீ என்னாடான்னா வாழ்க்கையிலயே மொத தடவையா சீக்கிரம் முடிவு எடுத்துட்ட!"

கடையில் கேட் வால்வு வாங்க வந்தவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, அப்புறம் வருகிறேன் என்று போய்விட்டார். அலசி ஆராய்கிறவன் என்று அவள் சொன்னதை நான் மாலையாகப் போட்டுக்கொண்டு அலைந்திருக்கிறேன். உருப்படியாக எதையும் முடிக்கமாட்டான் என்கிற நம்பிக்கையில்தான் அவள் அந்த மாலையையே போட்டிருக்கிறாள். அந்த நம்பிக்கையையும் நான் காப்பாற்றவில்லை.

என்னை இன்னும் அதிகமாகச் சுட்டது ஒன்று உண்டு. என் கடைக்கு வருகிறவர் மோட்டார் கேட்டால் நான் உடனே எடுத்துக் கொடுப்பதில்லை. கிணறு எவ்வளவு ஆழம், தண்ணீர் எங்கே நிற்கிறது, வீட்டு வயர் தாங்குமா என்று கேட்டுவிட்டுத்தான் அலமாரிப் பக்கமே திரும்புவேன். மாப்பிள்ளையிடம் நான் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. அந்தக் காட்டில் என்ன மான் இருக்கிறது என்பதைக்கூட.

அவர் உடம்பு தேறும்வரை காத்திருந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கூப்பிட்டேன். இந்தத் தடவை முதலில் கேள்வி கேட்டேன்.

"மாப்ள, அந்த மானு இன்னா உசரம் இருக்கும்?"

"நம்ம ஊரு வெள்ளாடு உசரம், மச்சான். கொம்பு ஒரு சாண்."

"முருங்க மரம் மாதிரி இருக்குமே, அது?"

"அது வேற எனம். எங்க காட்டுல எப்பவாவதுதான் கண்ணுல படும்."

வெள்ளாட்டுக்கு நான் ஐந்து எச்.பி. எழுதிக் கொடுத்திருக்கிறேன். எவ்வளவு தூரத்திலிருந்து சுடுவார்கள், எவ்வளவு நேரம் சுமந்து நடக்கவேண்டும், தோள் டாக்டர் என்ன சொன்னார் என்று எல்லாம் கேட்டேன். மூன்று மாதத்துக்கு எதையும் சுடக்கூடாது, அதற்குப் பிறகு உதை குறைந்ததாக இருந்தால் பரவாயில்லை என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆறரை மில்லிமீட்டரில் பழைய காலத்துத் தோட்டா ஒன்று இருக்கிறது, அதைப் பல நாட்டு வேட்டைக்காரர்கள் சாதுவானது என்று எழுதியிருக்கிறார்கள், வெள்ளாட்டு அளவு மானுக்கும் போதும், பெரியது வந்தாலும் தோற்காது என்று சொன்னேன். ஆனால் இந்தத் தடவை கண்ணை மூடிக்கொண்டு எடுங்கள் என்று சொல்லவில்லை. "கடக்காரர கேளுங்க. அவரு வேற சொன்னாருன்னா அவரு சொல்றத எடுங்க" என்றேன். பின்னால் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த என் மனைவி நிமிர்ந்து பார்த்தாள். இந்த வார்த்தை என் வாயிலிருந்து வந்து அவள் கேட்டதில்லை.

கடைக்காரரும் ஆறரையைத்தான் சொன்னாராம். பழையதை எடுத்துக்கொண்டு மாற்றிக் கொடுத்தார். டாக்டர் சொன்ன மூன்று மாதமும் கழித்து மைதானத்தில் சுட்டுப் பார்த்து, தோளுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று மாப்பிள்ளை எனக்குக் கட்டை விரலை நீட்டிப் படம் அனுப்பினார். தங்கச்சி மட்டும் என்னோடு பேசவில்லை. என் மனைவியோடு பேசினாள். நான் பக்கத்தில் போனால் போன் அணைந்துவிடும்.

தை மாதம் இரண்டு பேரும் ஊருக்கு வந்தார்கள். மாப்பிள்ளையை வாசலில் பார்த்ததும் எனக்கு அடையாளமே தெரியவில்லை. போன தடவை வந்தபோது சோபாவில் சாய்ந்தால் எழுந்திருக்காத மனுஷன். இப்போது தொந்தி கரைந்து, கன்னத்தில் வெயிலோ பனியோ பட்டுக் கறுத்து, அரியாங்குப்பத்தில் இருக்கும் சித்தி வீட்டுக்கு நடந்தே போகலாமா என்று கேட்கிறார். தங்கச்சியும் இளைத்திருந்தாள். வந்தவள் என் கையில் ஒரு சாக்லேட் டப்பாவைக் கொடுத்துவிட்டு, "இன்னும் கோவமாத்தான் இருக்கேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

மறுநாள் மாப்பிள்ளை கடைக்கு வந்து உட்கார்ந்தார். அவள் டிபன் கேரியரோடு பின்னால் வந்தாள். எத்தனை மான் விழுந்தது என்று கேட்க எனக்கு வாய் துறுதுறுத்தது. சுற்றி வளைத்துக் கேட்டேன்.

"ஒண்ணுகூட இல்ல, மச்சான். இன்னும் காகிதத்த மட்டுந்தான் சுட்டிருக்கேன்."

"காலிபரு சரியில்லியா?" என்று பதறினேன்.

"காலிபருக்கு இன்னா? சுட்டாதான தெரியும்." தங்கச்சி பக்கம் தலையைத் திருப்பினார். "இவளக் கேளுங்க."

அவரைத் தனியாக விட மனமில்லாமல் அவளும் சனி ஞாயிறுகளில் கூடவே காட்டுக்குப் போகிறாளாம். பிளாஸ்கில் காப்பியும் இட்லி மிளகாய்ப்பொடியும் எடுத்துக்கொண்டு, அவருக்குப் பின்னால் அவர் கால் வைத்த இடத்திலேயே கால் வைத்து நடப்பாளாம். ஒரு நாள் விடிகாலையில் பனி விலகி, புல்வெளி ஓரமாக ஒரு மான் வந்து நின்றிருக்கிறது. காற்று சரியாக இருந்தது, தூரம் சரியாக இருந்தது. மாப்பிள்ளை மரத்தில் சாய்ந்து துப்பாக்கி மேலிருக்கும் கண்ணாடியில் பார்த்து, மூச்சைப் பாதி விட்டு நிறுத்தியிருக்கிறார்.

"அப்ப இவ இருமிட்டா."

"எனக்கு சளி" என்றாள் தங்கச்சி.

"நாலு தடவ மானு வந்திச்சி. நாலு தடவையும் சளியா?"

"அங்க குளுருன்னா சும்மாவா? அண்ணே, நீயே சொல்லு."

இந்த விஷயத்தில் என் கருத்தைச் சொல்வதில்லை என்று முடிவு செய்திருந்தேன். மாப்பிள்ளை கோபப்பட்டதாகவும் தெரியவில்லை. மான் ஓடியதைத்தான் ரசித்துச் சொன்னார். அந்த இனத்து மான் பயந்தால் சும்மா ஓடாதாம். காட்டுக்குள் நின்று நாய் மாதிரியே குரைக்குமாம், பக்கத்து வீட்டுக் கிழவர் அதைக் கேட்டாலே விழுந்து விழுந்து சிரிப்பாராம்.

"மானு கொலைக்குமா?" என்றேன். இத்தனை படித்தும் இது எனக்குத் தெரியாது.

"எப்பிடின்னு காட்டறேன் பாருங்க" என்று எழுந்து கடை வாசலில் போய் நின்றார். மோவாயை மேலே தூக்கி, தொண்டையிலிருந்து கரகரவென்று ஒரு குரைப்பு குரைத்தார். வயர் கிளிப் எண்ணிக்கொண்டிருந்த வாடிக்கையாளர் துள்ளி நகர்ந்தார். ரோட்டின் அந்தப் பக்கம் மணல் குவியலில் படுத்திருந்த நாய் தலையைத் தூக்கியது. மாப்பிள்ளை இன்னொரு தடவை குரைத்தார். மணல் குவியல் நாய் பதிலுக்குக் குரைக்க, அதைக் கேட்டு டீக்கடை நாய் குரைக்க, பிளாட் போட்டிருக்கும் கழனிப் பக்கமிருந்து எல்லா நாய்களும் எங்கள் கடையை நோக்கி ஓடி வந்தன. தங்கச்சி சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டே, "ஷட்டர எறக்குண்ணே, எறக்கு" என்றாள்.